கைக்குட்டை முடிச்சில் வந்த ஐந்து காசுகள்: அசலா, போலியா, என்ன விலை பெறும்?

மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம் எதிர்வீட்டு மருமகள் வந்து, கைக்குட்டை முடிச்சு ஒன்றை என் சாப்பாட்டு மேசையில் அவிழ்த்தாள். உள்ளே ஐந்து காசுகள். "மாமியாரின் டிரங்குப் பெட்டியில் இருந்ததம்மா. இந்த ராமர் காசுக்கு மூன்று லட்சம் தருவதாக ஒருவர் வாட்ஸ்அப்பில் சொல்கிறார். முதலில் பதிவுக் கட்டணம் 2,500 ரூபாய் அனுப்ப வேண்டுமாம். அனுப்பட்டுமா?" என்றாள்.

நல்லவேளை, அனுப்புவதற்கு முன்னால் கேட்டாள். பழைய காசை வாங்குகிறேன் என்று சொல்பவர் உங்களிடமே பணம் கேட்டால் பேச்சு அத்தோடு முடிந்தது. ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் போட்டுக்கூட இந்த வேலை நடந்தது. பழைய நாணய வியாபாரத்தில் தனக்கு எந்தப் பங்கும் இல்லை, கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவிப்பு வெளியிட நேர்ந்தது.

நான் பெரம்பூரில் இருக்கிறேன். 39 வருடம் வங்கியில் காசாளராக உட்கார்ந்து, 2022இல் ஓய்வு பெற்றேன். நோட்டை விரலாலும் காசைக் காதாலும் அறிகிற பழக்கம் வேலையில் வந்தது. பழைய காசு சேர்க்கும் பைத்தியம் 1984இல் ஒரு ஏமாற்றத்தோடு வந்தது. அந்தக் கதை பின்னால் வரும். அன்றைக்கு அந்த ஐந்து காசுகளையும் எப்படிப் பார்த்தேனோ அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பெட்டியில் இருப்பதையும் இப்படியே பார்த்துக்கொள்ளலாம்.

மேசையில் என்ன வேண்டும்

0.01 கிராம்வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு, நகைக்காரர்கள் கண்ணில் வைக்கும் பத்து மடங்கு லென்ஸ், ஒரு காந்தம், வெர்னியர் காலிபர், சின்னக் கண்ணாடி டம்ளர், தையல் நூல். தராசையும் காந்தத்தையும் ரிச்சி தெருவில் வாங்கினேன். எல்லாம் சேர்த்து ஒரு நல்ல புடவையின் விலை ஆகவில்லை. குழல் விளக்கு வேண்டாம். காசின் முகத்தைத் தட்டையாகக் காட்டிவிடும். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் விழும் மேசை விளக்கு போதும். கீழே ஒரு துண்டை விரித்துக்கொள்ளுங்கள். காசு கை நழுவாது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

காசை எப்போதும் விளிம்பில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடியுங்கள். முகத்தில் விரல் பட்டால் வியர்வை படியும். சென்னைப் புழுக்கத்தில் அந்தக் கைரேகை சில மாதங்களில் கறுத்து நிரந்தரமாகிவிடும்.

தராசை நம்புவதற்கு முன்னால் அதையும் சோதிக்க வேண்டும். முடிச்சில் இருந்த முதல் காசு அதற்குத்தான் உதவியது: 2012இல் வந்த வைஷ்ணவ தேவி ஐந்து ரூபாய். "இதுவும் லட்சக்கணக்கில் போகுமாமே?" என்றாள். ஐந்து ரூபாய்க்குப் போகும் என்றேன். இந்தக் காசை மூட்டை மூட்டையாக எண்ணிக் கொடுத்தவள் நான். நிக்கல் பித்தளையில் அடித்த ஐந்து ரூபாயின் எடை 6 கிராம். என் தராசு 5.98 காட்டியது. சரி, மேலே போகலாம்.

ராமர் காசு

செம்பு நிறம். ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகக் காட்சி, மறுபக்கம் தாமரை, கிழக்கிந்தியக் கம்பெனி என்ற ஆங்கில எழுத்து, 'ஒன் அணா', 1818. இதே மாதிரி 1616, 1717 என்றெல்லாம் ஆண்டு போட்டுக் கிடைக்கும். அனுமன், சிவன், லட்சுமி என்று எல்லாத் தெய்வங்களும் உண்டு.

இவற்றில் ஒன்றுகூட நாணயம் கிடையாது. பூஜைக்கும் நினைவுப் பொருளாகவும் விற்பதற்கென்று பிற்காலத்தில் அடித்த வில்லைகள். லென்ஸே தேவையில்லாமல் இதைக் கண்டுபிடிக்கலாம். 1616இல் கம்பெனி இந்த மண்ணில் வியாபாரத்துக்கு அனுமதி கேட்டு நின்றுகொண்டிருந்தது. மெட்ராஸில் கோட்டை கட்ட இடம் கிடைத்ததே 1639இல்தான். தவிர, இங்கே 1818க்கு முன்பு புழங்கியது வராகனும் பணமும் காசும்; பிறகு ரூபாய். ஒரு அணா என்று தனி நாணயம் வந்தது எட்வர்டு மன்னர் காலத்தில், அதுவும் செம்பில் இல்லை, செம்பும் நிக்கலும் கலந்து. காசின் மேல் இருக்கும் ஆண்டையும் அதன் மதிப்பையும் வரலாற்றோடு பொருத்திப் பாருங்கள். பாதிப் போலிகள் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

உண்மையான கம்பெனிச் செம்புக் காசு வேண்டுமென்றால் மெட்ராஸுக்கென்றே அடித்த பத்து காசும் இருபது காசும் இருக்கின்றன. 1808ஆம் ஆண்டு போட்ட அந்தக் காசுகளைப் பீப்பாய் பீப்பாயாக ஏற்றிக்கொண்டு 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் இங்கிலாந்திலிருந்து மெட்ராஸுக்குக் கிளம்பி, 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரைக்கு அருகிலேயே மணல்திட்டில் மூழ்கிவிட்டது. 1980களில் அவற்றை அள்ளி எடுத்தார்கள். ஊர் வந்து சேராத நம் ஊர்க் காசு! 200 வயது தாண்டியும் அவை மலிவாகவே கிடைக்கின்றன, ஏனென்றால் ஏராளமாக இருக்கின்றன. வயதுக்கும் விலைக்கும் நேர்த் தொடர்பு இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

அவள் முகம் வாடிவிட்டது. காபி போட்டுக் கொடுத்துவிட்டு மற்ற மூன்று காசுகளையும் எடுத்தேன். மூன்றும் பார்வைக்கு வெள்ளி.

காந்தமும் தண்ணீரும்

முதலாவது 1947 போட்ட ஒரு ரூபாய். பின்பக்கம் புலி. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனதும் 'டக்' என்று ஒட்டிக்கொண்டது. "ஐயோ, போலியா?" என்றாள். இங்கேதான் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. ஆனால் 1947 ரூபாய் வெள்ளியே இல்லை, சுத்த நிக்கல். ஒட்டினால்தான் அது அசல். நடைபாதையில் இதை வெள்ளி என்று விற்பவர்கள் இன்றைக்கும் உண்டு, அதனால் காந்தத்தைச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

அடுத்தது ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய், 1911. அதற்கடுத்தது ஆறாம் ஜார்ஜ் ரூபாய், 1944. இரண்டும் காந்தத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. எடை: முதலாவது 11.58, இரண்டாவது 11.61. அச்சிட்டபோது இருந்திருக்க வேண்டிய எடை 11.66. புழங்கித் தேய்ந்த காசு இவ்வளவு குறைவது இயல்பு. குறுக்களவு இரண்டுக்கும் 30.5 மில்லிமீட்டரை ஒட்டி. பிரிட்டிஷ் இந்திய ரூபாய் என்று வந்து 10 கிராம் சொச்சம் காட்டினால், அல்லது தேய்ந்த காசு 12 கிராமைத் தாண்டினால், அதை ஓரமாக வையுங்கள்.

இனி தண்ணீர். பள்ளிக்கூடத்தில் படித்த ஆர்க்கிமிடீஸ்தான், பயப்பட ஒன்றுமில்லை. டம்ளரில் முக்கால்வாசித் தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வைத்து, பொத்தானை அழுத்தி எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, கையால் தூக்கிப் பிடித்தபடி தண்ணீருக்குள் இறக்குங்கள். முழுக்க மூழ்க வேண்டும். அடியையும் பக்கத்தையும் தொடக் கூடாது. காசின் முகத்தில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் நூலை லேசாகச் சுண்டி விடுங்கள். இப்போது தராசு காட்டுவது காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை. காசின் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும்.

1911 ரூபாய்க்கு 1.12 காட்டியது. 11.58ஐ 1.12ஆல் வகுத்தால் 10.3. நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளியும் மிச்சம் செம்பும் சேர்ந்தால் வர வேண்டிய அடர்த்தி ஏறத்தாழ இதுதான். 1944 ரூபாய்க்கு 1.22. வகுத்தால் 9.5. இதுவும் சரி, ஏனென்றால் 1940 முதல் ரூபாயில் வெள்ளி பாதியாகிவிட்டது: 50 பங்கு வெள்ளி, 40 செம்பு, நிக்கலும் துத்தநாகமும் தலா 5. போர்க்காலத்தில் வெள்ளிக்கு வந்த தட்டுப்பாடு. அந்த மாற்றத்தோடு விளிம்பையும் மாற்றினார்கள். கோடுகளுக்கு நடுவே ஒரு பள்ளம் ஓடுவதை லென்ஸில் பார்க்கலாம். வெள்ளி போலத் தெரியும் ஜெர்மன் சில்வரில் வார்த்த போலி என்றால் அடர்த்தி 8.6 சுமாருக்கு இறங்கிவிடும். தராசில் ஒரு புள்ளி தவறினாலும் விடை கொஞ்சம் நகரும் என்பதால் மூன்று தடவை செய்து பாருங்கள்.

ஒலியும் உதவும். காசை விரல்நுனியில் சமன்செய்து வைத்து, இன்னொரு காசின் விளிம்பால் மெதுவாகத் தட்டினால் நல்ல வெள்ளி கணீரென்று நீளும். தரையில் போட்டுப் பார்க்காதீர்கள். விளிம்பில் விழும் அடி விலையில் விழும் அடி. உள்ளே கீறல் விட்ட அசல் காசும் மொண்ணையாகத்தான் ஒலிக்கும் என்பதால் ஒலியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

சந்தேகம் தீராவிட்டால் ஹால்மார்க் மையங்களிலும் பெரிய நகைக்கடைகளிலும் இருக்கும் எக்ஸ்-கதிர் எந்திரத்தில் காட்டலாம். காசு சேதமாகாது. ஆனால் அது மேல்தோலைத்தான் படிக்கும், கனமான வெள்ளி முலாம் இருந்தால் ஏமாந்துபோகும். கடைக்காரர் உரைகல்லை எடுத்தாரோ, காசைக் கையோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

லென்ஸுக்குக் கீழே

தண்ணீர்ச் சோதனை உலோகத்துக்கு மட்டும்தான் சாட்சி சொல்லும். நல்ல வெள்ளியிலேயே செய்த போலிகளை அது விட்டுவிடும். நான் ஏமாந்தது அங்கேதான்.

1984. மூர் மார்க்கெட் எரிவதற்கு முந்தின வருடம். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சென்ட்ரல் பக்கம் ஒரு நடைபாதைக் கடையில் 1939 போட்ட ஆறாம் ஜார்ஜ் ரூபாயைப் பார்த்தேன். அந்த ஆண்டு ரூபாய்கள் பெரும்பாலும் உருக்கப்பட்டுவிட்டதால் கிடைப்பது அரிது என்று எங்கேயோ படித்திருந்தேன். 175 ரூபாய் கொடுத்தேன். எடை, வெள்ளி, ஒலி எல்லாம் சரி. மூன்று வருடம் கழித்து எழும்பூரில் ஒரு பெரியவர் லென்ஸை என் கையில் கொடுத்து, "ஆண்டின் கடைசி எண்ணை மட்டும் பாரம்மா" என்றார். 9இன் வால் மற்ற எண்களைவிட மெலிந்திருந்தது. கீழ் வளையத்தின் இடப்பக்கத்தில், வெறுமையாக இருக்க வேண்டிய இடத்தில், ஊசியால் இழுத்தது போன்ற பொடிக் கோடுகள். சுற்றியிருந்த தளம் ஒரு நூல் தாழ்ந்திருந்தது. 1938 ரூபாயில் 8இன் ஒரு பக்கத்தைச் சீவி 9 ஆக்கியிருந்தார்கள். அந்தக் காசு இன்னும் என்னிடம் இருக்கிறது. புதிதாகச் சேர்க்க வருகிற பிள்ளைகள் யார் வந்தாலும் முதலில் அதைத்தான் கையில் கொடுப்பேன்.

ஆகவே, விலை எந்த எண்ணால், எந்த எழுத்தால், எந்தக் குறியால் ஏறுகிறதோ அந்த இடத்தில்தான் லென்ஸை முதலில் வைக்க வேண்டும். அது ஆண்டாக இருக்கலாம், காசை அடித்த இடத்தைக் காட்டும் அக்கசாலைக் குறியாக இருக்கலாம். இன்றைய காசுகளில் ஆண்டுக்குக் கீழே வைரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றும் இல்லையென்றால் கொல்கத்தா. பழைய ரூபாயில் 'எல்' இருந்தால் லாகூர். இவற்றை ஒட்டவைக்கவும் சுரண்டி எடுக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள்.

வார்ப்புப் போலியைக் கண்டுபிடிப்பது இதைவிட எளிது. அச்சில் அடித்த காசின் எழுத்து, தளத்திலிருந்து செங்குத்தாக எழும்பி நிற்கும். வார்த்த காசின் எழுத்து சோப்புக் கட்டியில் தேய்ந்த எழுத்து போல வழிந்து நிற்கும். தளத்தில் ஊசிமுனைக் குழிகள் இருக்கும். விளிம்பைச் சுற்றி இரண்டு பாதிகள் சேர்ந்த கோடு தெரியும், அல்லது அந்தக் கோட்டை அரம் போட்டு மறைத்த தடம் தெரியும். விளிம்பைப் பார்க்காமல் காசு வாங்குகிறவர்கள் குதிரையின் பல்லைப் பார்க்காமல் வாங்குகிறவர்கள்.

1911க்கு வருகிறேன். இதில் பார்க்க வேண்டிய இடம் மன்னரின் மார்பு. அங்கே தொங்கும் பதக்கச் சங்கிலியில் அரிசி அளவுக்கு ஒரு யானை உண்டு. அந்த முதல் அச்சில் யானையின் தும்பிக்கை குட்டையாக அமைந்து, பார்ப்பதற்குப் பன்றி போல இருந்தது. முஸ்லிம்களிடையே எதிர்ப்பு எழுந்ததும் அரசாங்கம் காசுகளைத் திரும்பப் பெற்று, பெரும்பகுதியை உருக்கிவிட்டது. 1912 முதல் யானைக்குத் தும்பிக்கையும் காதும் தெளிவாக வந்தன. அதனால் 1911 ரூபாய்க்கு மற்ற ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்களைவிட நல்ல விலை உண்டு. எதிர்வீட்டுப் பெண்ணிடம் லென்ஸைக் கொடுத்தேன். ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, "பன்றியேதான்!" என்று சிரித்தாள். ராமர் போனதற்கு அதுதான் முதல் ஆறுதல்.

ஆறுதல் முழுதாக நிலைக்கவில்லை. கிரீடத்துக்கு நேர் மேலே, விளிம்பில், கோடுகள் ஒரு சோற்றுப் பருக்கை அகலத்துக்கு மழுங்கியிருந்தன. சுற்றிலும் சாம்பல் நிறத் திட்டு. காசுமாலையில் கோப்பதற்காக யாரோ காது வைத்துப் பற்றவைத்து, பிறகு எடுத்திருக்கிறார்கள். நம் பக்கத்துப் பழைய வெள்ளி ரூபாய்களிலும் சவரன்களிலும் இந்தத் தழும்பு மிக அதிகம். பட்டை தீட்டி மறைத்திருப்பார்கள். விளிம்பைச் சுற்றி லென்ஸை ஓட்டினால் மாட்டிக்கொள்ளும்.

விபூதி செய்த வேலை

என் பாட்டியிடம் ஒரு விக்டோரியா ரூபாய் இருந்தது. வரலட்சுமி நோன்புக்குக் கலசத்தில் போடுவார். அதற்கு முந்தின நாள் விபூதி வைத்துத் தேய்த்து, கண்ணாடி போல ஆக்குவார். நாற்பது வருடம் இப்படி. ராணியின் கன்னம் வழவழப்பாகி, புருவமே போய்விட்டது. பாட்டிக்கு அது தெய்வத்தின் காசு, அவர் செய்தது சரி. ஆனால் நீங்கள் விற்க அல்லது சேர்க்க நினைக்கும் காசை விபூதி, புளி, பல்பொடி, பாத்திரப் பொடி எதைக் கொண்டும் தேய்க்காதீர்கள். கறுப்பு அழுக்கு என்று நினைப்பது வெள்ளியின் மேல் காலம் போர்த்திய தோல். வாங்குபவர்கள் அதைத்தான் தேடுகிறார்கள்.

அச்சில் அடிபடும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடும். அந்த ஓட்டம் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வரிகளாக உறையும். விளக்குக்குக் கீழே காசைச் சாய்த்துச் சுழற்றினால், ஒளி வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள் போலச் சுற்றி வரும். தேய்த்த காசிலும் பளபளப்பு இருக்கும். ஆனால் அது அசையாது, ஒரே வெள்ளையாக நிற்கும். லென்ஸில் ஒரே திசையில் போகும் மயிர்க்கோடுகள் தெரியும். நாணயத் தரம் என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்தத் தோலைப் பற்றிய பேச்சுதான். அதற்கடுத்து, மேடான இடங்களில் எவ்வளவு தேய்மானம் என்பது: காது, புருவம், கிரீடத்தின் மணிகள்.

தரச் சான்று வாங்க வேண்டுமா?

வியாபாரிகள் ஃபைன், வி.எஃப்., எக்ஸ்.எஃப்., யூ.என்.சி. என்பார்கள். தேய்ந்தது, சுமாராகத் தேய்ந்தது, லேசாகத் தேய்ந்தது, புழங்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இதையே 1 முதல் 70 வரை எண்ணாகச் சொல்வது அமெரிக்க வழக்கம். வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949இல் பழைய அமெரிக்க செண்ட் காசுகளுக்காகப் போட்ட கணக்கு அது. 60ம் அதற்கு மேலும் என்றால் புழங்காத காசு. (அளவுகோல் கொடுத்த அந்த மனிதர், நியூயார்க்கில் உள்ள அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் சேகரிப்பிலிருந்து நல்ல செண்டுகளை எடுத்துக்கொண்டு மட்டமானவற்றை வைத்துவிட்டு வந்தது அவர் இறந்த பிறகு வெளியே வந்தது. காசாளர் புத்தி எனக்கு, இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

இந்த எண்ணைக் கூலிக்குச் சொல்லும் நிறுவனங்களில் உலகம் முழுக்கத் தெரிந்தவை இரண்டு: 1986இல் தொடங்கிய பி.சி.ஜி.எஸ்., 1987இல் தொடங்கிய என்.ஜி.சி. இரண்டும் அமெரிக்காவில். காசை அனுப்பினால், யாருடையது என்று தெரியாமல் ஒருவருக்கு மேற்பட்ட நிபுணர்கள் பார்த்து, அசலா என்று முடிவுசெய்து, எண் கொடுத்து, திறந்தால் தெரிந்துவிடும் பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்து அனுப்புவார்கள். உறையின் மேல் ஒரு சான்று எண் இருக்கும். தேய்த்ததோ, பற்றவைத்ததோ, கீறியதோ தெரிந்தால் எண் கொடுக்க மாட்டார்கள்; 'டீட்டெயில்ஸ்' என்று எழுதி, குறையையும் எழுதிவிடுவார்கள்.

"அப்படியானால் இந்தப் பன்றி ரூபாயை அனுப்பலாமா?" என்றாள். முடியாது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வயதைக் கடந்த நாணயமும் தொல்பொருள். அதைத் தனியார் நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது. சான்று வாங்கித் திரும்பி வரும் என்று வாதாடினாலும் அனுப்பியது அனுப்பியதுதான். குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை என்று சட்டத்திலேயே இருக்கிறது. இதைச் சொல்லாமல் "அமெரிக்கா அனுப்பி கிரேடிங் வாங்கித் தருகிறேன்" என்று கேட்பவர்களிடம் 1911ஐக் கொடுத்தால் மாட்டிக்கொள்வது நீங்கள்.

1944 போன்ற காசுக்கு அந்தச் சட்டம் இன்னும் எட்டவில்லை. ஆனால் கணக்குப் போடுங்கள்: சான்றுக் கட்டணம், போகவர அனுப்பும் செலவு, காப்பீடு. சாதாரணமாகத் தேய்ந்த 1944 ரூபாயின் விலை அந்தச் செலவில் ஒரு மூலைக்குக் காணாது. காசின் விலையில் பத்தில் ஒரு பங்குக்குள் செலவு அடங்கினால் மட்டும் சான்றைப் பற்றி யோசிப்பேன். இது என் சொந்தக் கணக்கு. வேறு ஆள் வேறு சொல்லலாம்.

இங்கே ஏற்கெனவே உறைபோட்ட காசை வாங்குவதாக இருந்தால் அந்த நிறுவனத்தின் தளத்தில் சான்று எண்ணைப் போட்டுப் பாருங்கள். படம் வந்தால், கையிலிருக்கும் காசின் கீறல், கறை ஒவ்வொன்றும் படத்தோடு பொருந்துகிறதா என்று லென்ஸை வைத்துப் பாருங்கள். உறையையே போலியாகச் செய்து, உண்மையான எண்ணை அச்சடித்து விற்கிறார்கள். எண் சரியாக இருந்து காசு வேறாக இருப்பது நடக்கிற காரியம். கேள்விப்படாத பெயரில் 'எம்.எஸ். 68' (புழங்காத காசு, 70க்கு 68) என்று உறை வந்தால் உறை இல்லாத காசு என்றே நினைத்துப் பாருங்கள்.

என்ன விலை பெறும்?

முதலில் அடிமட்டத்தைப் போடுங்கள், அதாவது உலோகத்தின் விலை. பழைய வெள்ளி ரூபாயில் சுத்த வெள்ளி 10.7 கிராம், 1940களின் ரூபாயில் 5.8 கிராம், 1969 காந்தி நூற்றாண்டுப் பத்து ரூபாயில் 12 கிராம், பிரிட்டிஷ் தங்கச் சவரன் காசில் சுத்தத் தங்கம் 7.32 கிராம். அன்றைய விலையால் பெருக்கினால் அதற்குக் கீழே விற்கத் தேவையில்லை என்ற எண் கிடைக்கும்.

அதற்கு மேலே எவ்வளவு என்பதற்கு, இணையத்தில் யாரோ கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். கேட்பதற்குக் காசு செலவில்லை. மும்பையின் டோடிவாலா, பெங்களூருவின் மருதர் ஆர்ட்ஸ் போன்ற ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலங்களின் விலையை வெளியிடுகின்றன. அதே ஆண்டு, அதே அக்கசாலை, அதே தரம் உள்ள காசு எவ்வளவுக்குப் போனது என்று நான்கைந்து ஏலங்களைப் பாருங்கள். வாங்கியவர் கொடுத்ததில் ஏலக்காரரின் கமிஷனும் சேர்ந்திருக்கலாம். விற்பவர் கைக்கு அவ்வளவு வராது. கடைக்காரர் அதைவிடக் குறைவாகத்தான் கேட்பார். அவருக்கும் வாடகை இருக்கிறது. அதில் கோபப்பட ஒன்றுமில்லை. ஒரே கடையோடு நிற்காமல் மூன்று பேரிடம் காட்டுங்கள். தங்கசாலைத் தெருப் பக்கம் எடையில் வாங்குவார்கள், நாணயச் சங்கங்கள் நடத்தும் கண்காட்சிகளில் காசாகப் பார்த்து வாங்குவார்கள். 1869இல் மூடப்படும்வரை நாணயம் அடித்த சாலை இருந்ததால் பெயர் பெற்ற தெருவில் இன்று ரூபாயைக் கிலோக் கணக்கில் நிறுக்கிறார்கள்.

விலைக்குப் போகும் முன் கண்ணுக்குப் பயிற்சி வேண்டும். எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பகுதிக்கும் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். கோபுரம் பொறித்து, தமிழிலும் தெலுங்கிலும் எழுத்து போட்ட கம்பெனி அரை வராகனை நேரில் பார்த்தவர்களை வார்ப்புப் போலி எளிதில் ஏமாற்றாது.

சோழர் செம்புக் காசு, சங்ககாலச் சதுரக் காசு என்று ஆற்றுமணல் ஒட்டியபடி யாராவது கொண்டுவந்தால் நான் தொடுவதில்லை. அசலாக இருந்தால் புதையல் சட்டம் குறுக்கே வரும்; 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி மண்ணில் கிடைத்ததைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். போலியாக இருந்தால் பணம் போச்சு. பெரும்பாலும் போலி.

பன்றி ரூபாய்க்குத் தழும்பு இல்லாமலிருந்தால் ஏலத்துக்கே அனுப்பச் சொல்லியிருப்பேன். பற்றவைத்த தடத்தோடு, வெள்ளி விலைக்கு மேல் கொஞ்சம்தான் தேறும். "அப்படியானால் விற்க மாட்டேன். மாமியார் கழுத்தில் கிடந்ததுதானே" என்றாள். நல்லது. பி.வி.சி. ஆல்பத்தில் மட்டும் போடாதே, பச்சையாகப் பிசுபிசுத்துவிடும் என்று சொல்லி, மைலார் என்ற பாலியெஸ்டர் உறையில் நான்கு காசுகளையும் தனித்தனியாகப் போட்டு, டப்பாவுக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் வைத்துக் கொடுத்தேன். ராமர் காசும் அதில் உண்டு. அவர் இனி அவள் வீட்டுப் பூஜை அலமாரியில் இருப்பார்.

வைஷ்ணவ தேவியை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். தராசைச் சரிபார்க்க உதவுகிறது. அவளுக்கு வேறு ஐந்து ரூபாய் கொடுத்துவிட்டேன்.